லீவுச் சமையல்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தென்காசியில் ஒரு சர்க்கரை நோய் கிளினிக்கில் உணவு ஆலோசகராக இருக்கிறவளுக்கு அது ஆகாத குணம் என்று எங்கள் டாக்டர் பல தடவை சொல்லிவிட்டார். என் வேலையே ஊரார் தட்டில் கை வைப்பது. அப்படிக் கை வைக்கிறவளுக்குப் பேச்சாவது நயமாக இருக்க வேண்டாமா என்பார். இருக்க வேண்டும்தான். அலிமாக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் அந்தக் கோபத்திலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். அவரிடம் நான் பேசிய முதல் பேச்சே திட்டு.

பொங்கல் முடிந்த திங்கட்கிழமை. பொங்கலுக்குத் தின்ற கரும்பும் சர்க்கரைப் பொங்கலும் ரத்தத்தில் ஏறி ஊரே கிளினிக்கில் வந்து உட்கார்ந்திருந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு கணவனும் மனைவியும் என் மேசைக்கு வந்தார்கள். அவர் பெயர் திவான் மைதீன், வயது ஐம்பத்து மூன்று. உயரமான ஆள், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நாலு படி ஏறி வந்ததற்கே மூச்சு வாங்கியது. மனைவி அலிமா கறுப்பு புர்காவில், பழைய ரிப்போர்ட்டுகளை ஒரு துணிப்பையில் போட்டு மடியில் வைத்திருந்தார். சொந்த ஊர் கடையநல்லூர். இப்போது குத்துக்கல்வலசையில் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். ஒரே மகள் அஃப்ஷானைச் சென்னையில் கட்டிக்கொடுத்திருக்கிறது.

ஃபைலைத் திறந்தேன். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி பதினொன்றைத் தாண்டியிருந்தது. இதயம் பாதி வேலைகூடச் செய்யவில்லை. டாக்டர் ஓரத்தில் 'சாப்பாடு' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். அவர்கள் இருவரிடமும் அவர் நேராகவே சொல்லியிருந்தார்: மாத்திரை தன் பங்கைச் செய்யும், உப்பையும் கொழுப்பையும் சர்க்கரையையும் குறைத்தால் கொஞ்ச வருஷம் ஓட்டலாம், குறைக்காவிட்டால் மாதக் கணக்குதான்.

நான் யாரிடமும் 'என்ன சாப்பிடுவீங்க' என்று பொதுவாகக் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் இரண்டு இட்லியோடு உயிர் வாழ்கிறவர்களாகிவிடுவார்கள். "நேத்து காலையில எந்திரிச்சதுலேர்ந்து படுக்குற வரைக்கும் வாயில போட்டது எல்லாத்தையும் சொல்லுங்க அண்ணாச்சி," என்றேன்.

அவர் குற்றவாளிபோல ஆரம்பித்தார். "காலையில இடியாப்பம், பாயா. பதினோரு மணிக்கு ரெண்டு சம்சா. மத்தியானம் நெய்ச்சோறு, கறியாணம், பொரிச்ச மீனு..."

"ரெண்டு முட்ட," என்றார் மனைவி. அவர் குரலில் குற்றமே இல்லை. பிள்ளை மறந்துவிட்ட பாடத்தை எடுத்துக் கொடுக்கிற குரல்.

"ஆமா, ரெண்டு முட்ட. சாயந்திரம் இனிப்புக்கு வட்டிலப்பம். ராத்திரி பரோட்டா, கோழி."

"நேத்து வீட்டுல என்ன விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணும் இல்லியே மேடம். அவுக சவுதியிலேர்ந்து வந்திருக்காகல்லா," என்றார் அலிமாக்கா.

"எப்ப வந்தாக?"

"போன வருசத்துக்கு முந்துன வருசம். ஆகஸ்ட்ல."

நான் விரல் விட்டு எண்ணினேன். பதினேழு மாதம். பதினேழு மாதமாகத் தினமும் மூன்று நேரம் கல்யாண வீட்டுச் சாப்பாடு. எனக்கு வந்த கோபத்தில் நாக்கு தன்பாட்டுக்குப் பேசிவிட்டது. "அக்கா, நீங்க சமைக்கல. கொஞ்சங் கொஞ்சமா வெசம் வைக்கிதீங்க."

அலிமாக்கா பையின் காதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மைதீன் அண்ணாச்சிதான் பேசினார். "அவள ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. திங்கது நான்லா."

ஒரு மருந்துக் கம்பெனி அச்சடித்துக் கொடுத்த தாளை எடுத்து நீட்டினேன். ஓட்ஸ், ப்ரோக்கோலி, ஆலிவ் எண்ணெய் என்று அதில் வண்ணப் படத்தோடு போட்டிருக்கும். குத்துக்கல்வலசையில் ப்ரோக்கோலிக்கு எங்கே போவது என்று அந்தத் தாளை அடித்தவனுக்கும் தெரியாது, கொடுக்கிற எனக்கும் தெரியாது. அவர்கள் அதை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலம் மேலகரத்தில் என் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை அந்தப் பையின் காதும் விரல்களும் கண்ணிலேயே நின்றன. சொன்னது தப்பு. வெறும் தப்பு இல்லை, பெரிய தப்பு.

அடுத்த வாரம் அலிமாக்கா தனியாக வந்தார். என் தாளை நாலாக மடித்துத் திரும்பக் கொண்டுவந்திருந்தார். "இதுல உள்ளதுல பாதி எனக்கு வாசிக்கவே வரல மேடம். வேற எதும் இருந்தா சொல்லுங்க. அன்னைக்கு நீங்க சொன்னதுலேர்ந்து எனக்கு ஒறக்கமே இல்ல," என்றார்.

அன்று கூட்டம் இல்லை. நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவரைப் பேசவிட்டேன்.

கல்யாணமாகி நாற்பதாம் நாள் மைதீன் அண்ணாச்சி விமானம் ஏறிவிட்டார். தம்மாமில் தண்ணீர் லாரி ஓட்டும் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவு. அங்கே வெயில் உச்சத்தில் இருக்கும் ஜூலையில்தான் கம்பெனி அனுப்பும். அப்படி இருபத்தைந்து வருஷம். சேர்ந்து இருந்த நாட்களை எல்லாம் கூட்டினால் ஒன்றரை வருஷத்துக்குச் சற்று மேல்தான் தேறும்.

கடையநல்லூர்ப் பக்கம் லீவில் வந்திருக்கும் ஆணுக்கு உள்ள மரியாதை தனி. சொந்தக்காரர்கள் முறைவைத்து விருந்துக்கு அழைப்பார்கள். வீட்டில் இருக்கும் நாளில் மனைவி விட்டுக்கொடுக்க மாட்டாள். அவர் டிக்கெட் போட்டதும் அலிமாக்கா ஒரு தாளில் நாற்பத்தைந்து நாளுக்கும் என்னென்ன சமையல் என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுவாராம். ஒன்றுகூட இரண்டாம் முறை வராது. அவர் உட்கார்ந்து சாப்பிடுவார், இவர் நின்று பரிமாறுவார். அடுத்த இரண்டு வருஷத்துக்கு அந்த ருசிதான் அவருக்குத் துணை என்று இவருக்கு ஒரு நினைப்பு.

"நாளைக்குப் போயிருவாக, நாளைக்குப் போயிருவாகன்னு நெனச்சு நெனச்சே சமைச்சுப் பழகிட்டேன். இப்ப போகலன்னு மூளைக்குத் தெரியுது. கைக்குத் தெரிய மாட்டேங்கு," என்றார். "சாதாரணமா ஒரு நாளைக்கு அவுகளுக்கு என்ன வைக்கணும்னு சத்தியமா எனக்குத் தெரியாது மேடம். சாதாரண நாளுன்னு ஒண்ணு எங்களுக்கு இருந்ததே இல்ல."

எனக்குச் சங்கடமாக இருந்தது. இருபது வருஷம், முப்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கச் சலித்துப்போன தம்பதிகளைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். சலிக்கக்கூட நேரம் கிடைக்காத ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன்.

அவருக்கு இன்னொரு பயமும் இருந்தது. அதை மெதுவாகச் சொன்னார். "அவுகளுக்கு இப்ப வேலை இல்ல. மக வீட்டுக்குப் போனாக்கூட கையில ஒண்ணும் கொண்டு போக முடியலியேன்னு கொறப்படுதாக. இந்த நேரத்துல நான் கைய சுருக்குனா, சம்பாதிக்கையில ஒரு சாப்பாடு, சும்மா இருக்கையில ஒரு சாப்பாடான்னு நெனச்சிர மாட்டாகளா?"

"சரிக்கா, அவுக இல்லாதப்ப நீங்க என்ன சாப்பிடுவீங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒத்தையாளுக்கு என்ன சமையல் மேடம்? வாசல்ல முருங்க நிக்கி. கீரையப் பறிச்சுப் பாசிப்பயறப் போட்டுக் கிண்டிருவேன். சோறு ஒரு அகப்பை. வாரத்துல ரெண்டு நாளு சாள மீனு ஆணம். ராத்திரி கேப்பைத் தோசையோ கோதும தோசையோ. அவுக போன்ல என்ன சமையலுன்னு கேட்டா, கறின்னு சொல்லிருவேன். கீரைன்னு சொன்னா அங்கன இருந்து வெசனப்படுவாகல்லா."

நான் எம்.எஸ்ஸி. படித்து, வகுப்பெடுத்து, தலையால் தண்ணீர் குடித்து ஜனங்களிடம் சொல்கிற சாப்பாட்டை இந்த மனுஷி யாரும் சொல்லாமலே இருபத்தைந்து வருஷமாகச் சாப்பிட்டிருக்கிறார். அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு வேறு. மடித்த தாளை வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டேன்.

"எல்லாத்தையும் மாத்த வேண்டாம்க்கா. ஒரு நேரம் மட்டும். மத்தியானம். உங்களுக்கு என்ன செய்வீங்களோ அதையே அவுகளுக்கும் வைங்க. மத்தது ஒவ்வொண்ணாப் பாத்துக்கலாம்."

நல்ல யோசனை என்று நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். அது வீட்டில் எப்படி இறங்கும் என்று யோசிக்கவில்லை.

அந்த வாரம் சனிக்கிழமை மத்தியானம் அலிமாக்கா அவர் முன்னால் சோறு ஒரு அகப்பை, கீரை இரண்டு அகப்பை, சாளை மீன் குழம்பு, நறுக்கிய வெள்ளரிக்காய் என்று வைத்திருக்கிறார். அவர் தட்டைப் பார்த்தார். "கறி எடுக்கலியா?" என்று கேட்டார். இல்லை என்றார் இவர். நாலு வாய் சாப்பிட்டார். கையைக் கழுவினார். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடையில் உட்கார்ந்து பரோட்டா தின்றதைப் பார்த்த யாரோ கடையநல்லூருக்குச் சேதி சொல்ல, மறுநாளே அவருடைய அக்கா ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார்.

"எந்தம்பி சம்பாத்தியம் நின்னவொடனே கீரையா? இருவத்தஞ்சு வருசமா அவன் வெயில்ல காஞ்ச காசுலதான இந்த வீட்டுல ஒக்காந்திருக்கே?" என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி கேட்டிருக்கிறார். மைதீன் அண்ணாச்சி அக்காவைத் தடுக்கவும் இல்லை, மனைவியைப் பார்க்கவும் இல்லை. இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் நெய்ச்சோறு திரும்பி வந்தது.

இதை அலிமாக்கா போனில் சொன்னபோது நான் அந்த அக்காவை மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். வேறு என்ன செய்ய முடியும்? திரும்பி வந்த நெய்ச்சோற்றைக் கடைசிப் பருக்கை வரை அண்ணாச்சி ஏன் தின்றார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அவருக்குத் தெரியாதா, மூச்சு வாங்குவது?

பிப்ரவரி நடுவில் அவருக்குக் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். உப்பு. வேறொன்றும் இல்லை, ஊறுகாயும் கருவாட்டுப் பொரியலும். வெளியே அனுப்பும்போது டாக்டர் தினமும் கொஞ்சம் நடக்கச் சொன்னார். மூச்சு வாங்காத அளவுக்கு, சமதளத்தில். குற்றாலத்தில் இப்போது கூட்டம் இருக்காது, நல்ல காற்று, பஸ் ஸ்டாண்டிலிருந்து அருவி வரைக்கும் நடங்கள் என்று நான்தான் சொன்னேன்.

மறுநாள் காலை இருவரும் பைக்கில் போனார்கள். அங்கே நடந்ததை அலிமாக்கா எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி.

சிப்ஸ் கடைகள் எல்லாம் தார்ப்பாய் போட்டு மூடிக்கிடந்தன. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் ஒருத்தரும் இல்லை. மெயின் அருவிக்கு வந்ததும் மைதீன் அண்ணாச்சி நின்றுவிட்டார். தண்ணீர் இல்லை. ஓர் ஓரத்தில் மட்டும் பாறை ஈரமாக இருந்தது. மேலிருந்து கீழ்வரை கறுப்புப் பாறை, அதில் செதுக்கிய லிங்கங்கள், குளிக்கிறவர்கள் பிடித்துக்கொள்ளும் இரும்புக் கம்பி, கம்பியின் மேல் ஒரு குரங்கு.

"இது என்னட்டி இப்பிடிக் கெடக்கு?" என்று கேட்டாராம்.

"இந்த மாசத்துல இப்பிடித்தான் கெடக்கும்."

"நான் பாத்ததே இல்லியே."

எங்கே பார்த்திருப்பார்? அவர் வந்த லீவு எல்லாம் சாரல் சீசனில்தான். அருவி கொட்டும், கூட்டம் கொட்டும், ஜூலையும் ஆகஸ்டும். வேலை முடிந்து ஊரோடு வந்த பிறகும் அவர் குற்றாலம் போகவில்லை, மூச்சு வாங்குகிறதே என்று. பிறந்து வளர்ந்தது பக்கத்து ஊர்தான் என்றாலும் சின்ன வயதில் யார் தண்ணீர் இல்லாத அருவிக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள்?

கொஞ்ச நேரம் அங்கே கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். அவராகவே கேட்டார். "நான் இல்லாதப்ப நீ என்ன திம்பே? பொய் சொல்லாமச் சொல்லு."

இவர் சொன்னார். கீரை, பாசிப்பயறு, சாளை, கேப்பைத் தோசை.

"அன்னைக்கு எனக்கு வச்சதா?"

"ஆமா."

"அது நீ திங்க சாப்பாடா?"

"பின்ன? எனக்கு உள்ளதத்தான் ஒங்களுக்கும் வச்சேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். "சம்பளம் இல்லாதவனுக்கு இது போதும்னு வச்சிட்டியோன்னு நெனச்சிட்டேன்ட்டி," என்றார். பிறகு மெல்ல மெல்ல ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அங்கே ரூமில் ஆறு பேர் முறைவைத்துச் சமைப்பது, பெரும்பாலும் பருப்பும் குப்பூஸ் ரொட்டியும்தான், போனில் பிரியாணி என்று சொன்னதெல்லாம் சும்மா. அங்கே இருக்கும்போது அவர் நினைத்து ஏங்கியது நெய்ச்சோற்றை இல்லை. வீட்டில் அலிமாவும் பிள்ளையும் இந்த நேரத்துக்கு என்ன தின்றுகொண்டிருப்பார்கள், அதில் நமக்கும் ஒரு வாய் கிடைக்குமா என்பதைத்தான். லீவில் வந்தால் விருந்து கிடைக்கும். அந்த ஒரு வாய் கிடைக்காது. "நீ ஆசையா வைக்கே. வேண்டாம்னா உன் மொகம் சுருங்கும். அதுக்காவத்தான் தின்னேன். ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கு வரைக்கும் அதுக்காவத்தான்," என்றார்.

ஒருத்தி அவருக்காகச் சமைத்தாள், ஒருத்தர் அவளுக்காகச் சாப்பிட்டார். இதைக் கேட்டபோது எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தது. பதினெட்டு மாதம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா இரண்டு பேரும்? போனில் சந்தோஷமான பொய்யே பேசிப் பழகியவர்களுக்கு நேரில் உண்மையைப் பேசத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் சொல்லிக் கொடுக்க அதிகம் இருக்கவில்லை. மத்தியானம் மட்டும் என்று தொடங்கியது காலைக்கும் பரவியது. பாயா போய் இட்லியும் கொத்தமல்லிச் சட்னியும் வந்தது. டீக்கு இரண்டு கரண்டி சீனி. அதை ஒரேயடியாக நிறுத்தாமல் வாரத்துக்கு ஒரு சிட்டிகை குறைத்தார் அலிமாக்கா. நாக்குக்குத் தெரியாமல் ஏப்ரல் கடைசியில் அரைக் கரண்டிக்கு வந்துவிட்டது. உப்பு ஜாடி சாப்பாட்டு மேசையிலிருந்து மறைந்து, அந்த இடத்தில் எலுமிச்சம்பழம் உட்கார்ந்தது. பதினோரு மணி சம்சாவுக்குப் பதில் ஒரு கொய்யா. எண்ணெய்யைப் பாட்டிலோடு கவிழ்க்காமல் கரண்டியால் அளந்து ஊற்றுவது என்று வைத்துக்கொண்டார். முதல் மாதம் மீந்த எண்ணெய்யைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம். வெள்ளிக்கிழமை மட்டும் நெய்ச்சோறு உண்டு, ஒரு சின்னக் கிண்ணம். அதையும் விடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நோன்பு மாதத்தில் நோன்பு பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதற்கு மட்டும் மைதீன் அண்ணாச்சி அழுதாராம்.

அவரும் சமையலறைக்குள் வந்தார். இதுதான் எனக்குப் பிடித்தது. அரபு நாட்டில் ஆறு பேருக்குப் பருப்பு வேகவைத்தவர், தன் வீட்டுச் சமையலறையில் இருபத்தைந்து வருஷமாகக் கால் வைத்ததில்லை. விருந்தாளி எப்படிச் சமையலறைக்குள் வருவார்? இப்போது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு முருங்கைக்கீரை உருவினார். ஒரு கொத்தை உருவ அரை மணி நேரம். "இந்த வேகத்துல நீங்க லாரி ஓட்டுனா தம்மாமே தண்ணியில்லாமச் செத்திருக்கும்," என்று அலிமாக்கா கேலி செய்வார். "கீரை திங்க அவசரமா இருந்தா நீ உருவுட்டி," என்பார் அவர். சமைத்து முடித்ததும் மேசைக்கு எடுத்துப் போகாமல் அங்கேயே, அடுப்புக்குப் பக்கத்தில், இரண்டு தட்டு. அவர் ஒன்றில், இவர் ஒன்றில். கல்யாணமான நாளிலிருந்து அலிமாக்கா கணவனோடு ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது அந்த மாதங்களில்தான்.

நான் அடிக்கடி அந்த வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். வேலைக்காக என்று சொல்லிக்கொள்வேன், உண்மையில் அந்தக் கேலியைக் கேட்கத்தான். 'மேடம்' போய் நான் 'பிரியா' ஆனேன். செப்டம்பரில் சர்க்கரை சராசரி ஏழரைக்கு வந்தது. எட்டு கிலோ எடை குறைந்திருந்தார். நவம்பரில் கிளினிக்கில் நடந்த கூட்டத்தில் அவரை மேடையேற்றிப் பேச வைத்தேன். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அவர் மைக்கைப் பிடித்து, "நான் ஒண்ணுமே செய்யல. என் வீட்டுல உள்ளவ சாப்பாட்டச் சாப்புட்டேன், அம்புட்டுத்தான்," என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

டிசம்பரில் ஒரு காலை நேரம், சுபுஹு தொழுதுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பத்து மணிக்கு முடிந்துவிட்டது. அந்த இதயம் சவுதியிலேயே பாதி செத்துப்போயிருந்தது, இத்தனை நாள் ஓடியதே பெரிது என்றார் டாக்டர். இருக்கலாம். எங்கள் மாற்றம் அவருக்கு எத்தனை நாளைக் கூட்டிக் கொடுத்தது என்று என்னிடம் கேட்டால் எனக்குத் தெரியாது. ஒன்றுமே கூட்டிக் கொடுக்கவில்லையோ என்று பயமாகவும் இருக்கும். அன்று கிளினிக் பாத்ரூமில் நின்று அழுதேன்.

மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போனேன். பெண்கள் நிறைய பேர் உட்கார்ந்திருந்தார்கள். அஃப்ஷான் சென்னையிலிருந்து வந்து அம்மாவைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே நுழையும்போதே மைதீன் அண்ணாச்சியின் அக்கா பேசிக்கொண்டிருந்தார். துக்கத்தில் பேசுகிறார் என்று தெரிந்தாலும் கேட்க முடியவில்லை.

"எந்தம்பி திங்க ஆசப்பட்டதத் திங்க விடாம, கீரையும் கஞ்சியும் ஊத்தி ஊத்தியே கொன்னுட்டா. சாகப் போறவனுக்கு ஒரு வாய் நல்ல சோறு கெடைக்கல."

எனக்கு மூக்குக்கு மேல் வந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் அலிமாக்கா நிமிர்ந்தார்.

"மைனி, ஒங்க தம்பி இருவத்தஞ்சு வருசம் என் வீட்டுக்கு விருந்துக்கு வந்துட்டுப் போனாக. இந்த ஒம்பது மாசந்தான் என் கூட இருந்தாக. அதுல கை வைக்காதீங்க," என்றார்.

அந்த அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மினார். அவருக்கும் தம்பிதானே. எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

அஃப்ஷான் ஒரு மாதம் இருந்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பினாள். சின்னக் குழந்தை, கணவனுக்கு வேலை, அவளைக் குறை சொல்ல முடியாது. அம்மாவைக் கூப்பிட்டாள். கணவன் இறந்தபின் வீட்டோடு இருக்கும் இத்தா முடியாமல் அலிமாக்கா வீட்டை விட்டு வர முடியாது. "உம்மா சரியாவே சாப்புட மாட்டேங்காங்க அக்கா. நீங்க சொன்னாக் கேப்பாங்க," என்று எனக்குப் போன் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். அலிமாக்கா இளைத்திருந்தார். சமைத்திருந்தார், ஆனால் சாப்பிடவில்லை. சோறு, முருங்கைக்கீரை, பாசிப்பயறு. தட்டில் போட்டு அப்படியே வைத்திருந்தார். சோறு மேலே காய்ந்துபோயிருந்தது.

நான் என் தொழில் பேச்சைப் பேசினேன். உடம்பு என்னாகும், மயக்கம் வரும், மகளுக்கு நீங்கள்தானே இருக்கிறீர்கள் என்றெல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்.

"இதே கீரையத்தான் பிரியா, இருவத்தஞ்சு வருசம் ஒத்தையில ஒக்காந்து தின்னேன். ஒரு நாளும் தொண்டையில நின்னதில்ல. அவுக வருவாகன்னு இருந்துச்சு, எறங்குச்சு. ஒம்பது மாசம் ரெண்டு பேராத் தின்னுட்டேன். இப்ப எறங்க மாட்டேங்கு."

நான் எழுந்து போய் இன்னொரு தட்டை எடுத்து வந்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, எனக்கும் பசிக்கிறது, சேர்ந்து சாப்பிடலாம் என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் மாறியது. அகப்பையை எடுத்தார். என் தட்டில் சோறு வைத்தார், கீரை வைத்தார். இரு என்று எழுந்து போய் ஒரு முட்டையைப் பொரித்துக் கொண்டுவந்தார். ஃப்ரிட்ஜில் மீன் இருந்தது, அதையும் சுடவைத்தார். போதும் என்றால் கேட்கவில்லை, நான் ஒரு வாய் வைக்க வைக்க அடுத்த அகப்பை விழுந்துகொண்டே இருந்தது. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் பக்கத்தில் நின்று பரிமாறினார். தன் தட்டை அவர் தொடவே இல்லை.